அளவு ஜாக்கெட்டை வெட்டினவ

ஜாக்கெட் தைக்கிற தொழிலுக்குக் கை ஓடினா மட்டும் போதாது, மனசு ஒரே இடத்துல நிக்கணும். எனக்கு அது மட்டுந்தான் நிக்காது. திருநகர்ல வீட்டு முன்னறைதான் என் கடை. வந்த வாடிக்கையெல்லாம் ஒவ்வொண்ணா நழுவ, மூடிரலாமான்னு தவிச்ச நேரத்துக் கூத்துதான் இதெல்லாம். என்னை மாதிரி மனசு நிக்காத அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குப் புரியும்.

மஞ்சள் நூல்

பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தங்க தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுக்கு மஞ்சள் நூல் வாங்கத் தெருமுனைக்குப் போனேன். வழியில நாத்து வண்டி நின்னுச்சு. கத்தரி நாத்து வாங்கி, தொட்டி தேடி, மண்ணு கொத்தி, நட்டு நிமிர்ந்தா பொழுது சாஞ்சிருச்சு. நூலும் வாங்கல. டீச்சரம்மா வந்து என் சேத்துக் கையைப் பார்த்தாங்க.

"ஏம்மா, கத்தரிக்கா காய்ச்ச பிறகாவது ஜாக்கெட்டு கிடைக்குமா?"

அளவு ஜாக்கெட்

அடுத்த தெரு மும்தாஜக்கா, மகளோட நிக்கா கல்யாணத்துல தான் போட்டுக்கப் புதுத் துணியும், அளவுக்குன்னு ஒரு பழைய ஜாக்கெட்டும் கொடுத்தாங்க. அளவு ஜாக்கெட்டைத் துணி மேல விரிச்சுக் கோடு போட்டுட்டு, அதை எடுத்து வச்சபிறகுதான் கத்திரி போடணும். பக்கத்து வீட்டுல யாரோ சண்டை. காது அங்க போக, ரெண்டையும் சேர்த்துக் கழுத்து வெட்டிட்டேன்! நல்லவேளை, கத்திரி கோட்டு மேலயே போனதால புதுத் துணிக்குச் சேதமில்ல.

"அல்லாவே! எனக்குச் சரியா இருந்தது அந்த ஒண்ணுதான்டி!"

டாக்டர் சொன்னது

"என் வகுப்புல உன்னை மாதிரியே ஒரு புள்ள இருக்கு, டாக்டரைப் பாரு"ன்னு டீச்சரம்மாதான் அனுப்பினாங்க. மனநல டாக்டர் சின்ன வயசுக் கதையிலிருந்து கேட்டுட்டு, ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனம் ஒரே இடத்துல நிக்காத குறைன்னாரு. நாப்பது வயசுல! சோம்பேறி, பொறுப்பில்லாதவள்னே கேட்டுப் பழகின எனக்கு அங்கனயே அழுகை வந்துருச்சு. துக்கமில்ல, ஆறுதல். கூட வந்த என் வீட்டுக்காரருக்குத்தான் முகம் வாடிப்போச்சு.

"அப்ப நீ வேணும்னு பண்ணலையா? சும்மாவே திட்டிட்டேனே புள்ள."

எதிர்க்க ஒரு ஆள்

பேரு தெரிஞ்சாலும் பயம் போகல. நிக்காவுக்கு முந்தின நாள் மும்தாஜக்கா வந்தப்ப, ஜாக்கெட் இன்னும் துண்டு துண்டாக் கிடந்துச்சு. எல்லாத்தையும் சொல்லி, "வேற கடையில கொடுங்கக்கா, நான் மூடப்போறேன்"னேன். அவங்க ஸ்டூலை எதிர்க்க இழுத்துப் போட்டு உக்காந்து, பையிலிருந்த சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பிச்சாங்க. நான் எந்திரிச்சா "எங்கடி?"ம்பாங்க. திரும்ப உக்காருவேன். ஒரு ஆள் கூட இருந்தா எம் மனசு நிக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. பள்ளிவாசல்ல சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது ஜாக்கெட் முடிஞ்சிருச்சு. போட்டுப் பார்த்தாங்க, அம்சமா இருந்துச்சு.

"கடையை மூடுவியோ? அடுத்த வாரம் சம்பந்தியைக் கூட்டிட்டு வாரேன். அவுக வீட்டுலயும் உரிக்க வெங்காயம் இருக்கு."

ஆக, மத்த டெய்லருக்கு ஒரு மிஷின் போதும், எனக்கு எதிர்க்க ஒரு ஆளும் வேணும், அம்புட்டுதான்.