நுரைச்சோலையில் ஒரு பிரெஞ்சுப் படம்

நுரைச்சோலை மண்டபத்தில் பழைய பிரெஞ்சுப் படங்களின் விழா. பிரதம விருந்தினருக்காக வெயில் தாழும் வரை காத்திருக்கிறோம். வந்தவர் உலக சினிமாவைப் பற்றி நீளமாகப் பேசுகிறார்; படம் தொடங்கியதும் முன்வரிசைக் கதிரையிலேயே உறங்கிவிடுகிறார்.

என் பக்கத்தில் கருவாட்டுக் கடை நடத்தும் பெண்மணி ரஹுமா. கண் இமைக்காமல் பார்க்கிறார். திரையில், கொடுமைக்காரப் புருசனை விட்டுவிட்டு வந்த ஒருத்தி ரயில் மேடையில் தயங்கி நிற்கிறாள். ரயில் வருகிறது. கரண்ட் போகிறது. ஜன்னலுக்கு வெளியே அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

"நாடு முழுக்கக் கரண்ட் குடுக்கிற ஊர் தம்பி, எங்கட ஊர்," என்கிறார் ரஹுமா. "அது கிடக்கட்டும், அவள் ஏறுவாளா?"

"தெரியாதே."

கரண்ட் திரும்புகிறது. அமைப்பாளர் ஓடிவந்து மைக்கைப் பிடிக்கிறார். நேரம் போய்விட்டதாம், படம் போதுமாம், இனி நன்றியுரையாம்.

ரஹுமா எழும்புகிறார். "நன்றிய இருட்டுலயே சொல்லியிருக்கலாமே மகன்! படத்துக்குத்தானே கரண்ட் வேணும்?"

மண்டபம் கைதட்டுகிறது. சத்தத்தில் விழித்த விருந்தினர், தனக்குத்தான் என்று எழுந்து கும்பிடுகிறார். வேறு வழியின்றிப் படத்தை ஓட்டுகிறார்கள். அவள் ஏறிவிடுகிறாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று முக்காட்டைச் சரிசெய்த ரஹுமா, நன்றியுரைக்கு நிற்காமல் வெளியே நடக்கிறார்.