பெரிய வண்டியா, சின்ன வண்டியா என்று பார்க்கப் போன இடத்தில்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் என் வீட்டுக்காரரும் கார் பார்க்கத் திருவனந்தபுரம் போனோம்!

என் வீட்டுக்காரர் வில்சன் டாக்சி ஓட்டுகிறவர். பூவார் ரிசார்ட்டுகளுக்கு வருகிறவர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவார். பிறகு சிட்டியைச் சுற்றிக் காட்டுவார். பாறசாலையிலிருந்து சிட்டிக்கு வேலைக்குப் போகும் என்னையும் போகிற வழியில் இறக்கிவிடுவார் (எனக்கு மட்டும் இலவச சவாரி!).

பழைய டீசல் காரை இனி ஓட்ட முடியாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

அடுத்தது பேட்டரி வண்டிதான் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்த வண்டி என்பதில்தான் சண்டை!

எனக்குச் சின்ன எலக்ட்ரிக் கார். வீட்டிலேயே சார்ஜ் போடலாம், எங்கள் சந்தில் மதிலை உரசாமல் நுழையும்.

அவருக்கு ஏழு பேர் உட்காரும் பெரிய ஹைப்ரிட். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்தது.

"எட்டி ஷீபா, ஏர்போர்ட்ல இறங்குதவன் ரெண்டு பெரிய பெட்டியோட வருவான். அதை உனக்க சின்ன வண்டில எங்க வைப்பேன்? மடியிலயா?"

"சிட்டில பார்க்கிங் கிடைக்காட்டி உங்க பெரிய வண்டியை எங்க வைப்பிய? தலையிலயா?"

ரெண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்போம் என்று சமாதானமானோம்.

முதலில் சின்ன வண்டி. ஸ்டியரிங்கில் இவர், பக்கத்தில் நான், பின்னால் ஷோரூம் பெண். உண்மையிலேயே சத்தமே இல்லை! ஃபேன் ஓடுகிற சத்தம் கூட அதைவிட அதிகம்.

ஒரு சிக்னல் தாண்டி இடது பக்கம் திருப்பினார். மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் குடையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

இவர் பிரேக் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

பிடிக்கவில்லை.

"ஐயோ! நில்லுங்க!" என்று கத்தினேன். அந்தப் பெண்ணின் குடை பானெட்டில் முட்டி மடங்கியது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை.

"கண்ணு கண்டூடே?" என்று மலையாளத்தில் கத்திவிட்டுப் போனார் அவர். கண் தெரியாதா என்று கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பினார். "சத்தம் இல்லாத வண்டியாக்கும். அவளுக்கு எப்படிக் கேக்கும்? இது நமக்கு வேண்டாம்."

அந்தப் பெண்ணை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். குடை மஞ்சள், சுடிதார் மஞ்சள். அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அடுத்த ஷோரூம், பெரிய ஹைப்ரிட். கேட்டைத் தாண்டும்போதே இடது டயர் திண்டில் ஏறி இறங்கியது.

"அகலம் பழகேல்ல, அவ்வளவுதான்" என்றார். காயல்கரை ரோடுகளில் டெம்போ டிராவலர் ஓட்டிய மனிதர் அவர்!

வெளியே வந்து ஒரு கடையில் சாயா குடித்தோம். கடைக்காரர் இவருடைய இடது கைப்பக்கம் கிளாஸை வைத்தார். இவர் கை பட்டு அது உருண்டு விழுந்தது.



மெதுவாக எழுந்து அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றேன். கையை ஆட்டினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார்: "ஷீபா, நீ எங்க போன?"

நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

ஒன்றுமில்லை, வெயில் என்று அடம்பிடித்தவரைத் திங்கட்கிழமை நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு மிஷினுக்குள் பார்க்கச் சொன்னார்கள். ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வலது கண்ணுக்கு விட்டுவிட்டாவது கேட்டது.

இடது கண் முறை வந்தபோது வெகுநேரம் சத்தமே இல்லை. எழுந்துபோய் நானே அமுக்கிவிடலாமா என்று இருந்தது.

கண்ணில் அழுத்தம், க்ளாக்கோமா. இடது கண்ணில் பக்கப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது, வலதிலும் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆட்டோமேட்டிக் வண்டின்னா ஓட்டலாமா டாக்டர்?"

"ஒரு வண்டியும் வேண்டாம் வில்சன்."

வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் பிரேக் பிடிக்கும் போதெல்லாம் இவருடைய வலது காலும் தரையை அமுக்கியது.

அந்த வாரமே ரிசார்ட்டுகளுக்கு ஒவ்வொன்றாக போன் பண்ணி, "இனி நான் இல்ல, வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று சொன்னார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. கடைசி போனை வைத்ததும் என்னிடம் வந்தார்.

"சின்னதையே எடுப்போம் மக்கா. உனக்கும் லைசென்ஸ் உண்டில்லா? நீ ஓட்டு. நான் பக்கத்துல இருந்து சொல்லித் தாறேன்."

(லைசென்ஸ் உண்டு. எடுத்த நாளிலிருந்து பீரோவில்தான் இருக்கிறது.)

சண்டையில் நான்தான் ஜெயித்தேன். இப்படி ஜெயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருந்தால் ஒருமுறை பக்கப் பார்வையைச் சோதித்துவிடுங்கள். வலியே இருக்காதாம். போவதே தெரியாதாம்.

நேற்று வண்டி வந்தது. இன்று காலை முதல்முறையாக நான் ஸ்டியரிங் பிடித்தேன். அவர் இடது பக்கத்து சீட்டில்.

எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் நிறுத்தினேன்.

அவர் என் தோளில் தட்டினார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"லெஃப்ட்ல ஆரும் இல்ல. தைரியமா எடு மக்கா."

நானும் பார்த்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"சரிங்க" என்றேன்.

சைக்கிள் போகட்டும் என்று காத்திருந்து எடுத்தேன்.