இன்ஜின் இல்லாத கேரவன்

சித்தி கோபித்துக்கொண்டு எண்ணூரிலிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அது கிடைத்த அன்றைக்கு வந்து கூப்பிட்டால் போதும், மறுபேச்சு இல்லாமல் கிளம்பி வந்துவிடுவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நிபந்தனை எனக்கு விளங்கவே இல்லை. கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குத்தான் ஏற்கெனவே ஒரு கதவு இருந்ததே! நீல பெயின்ட் அடித்த, கெட்டியான கதவு. பகலெல்லாம் திறந்தே கிடக்கும். ராத்திரி சாத்தினால் உள்ளே அம்மா, சித்தி, அத்தை, நான் நான்கு பேரும் வரிசையாகப் படுத்திருப்போம். அப்பாவும் சித்தப்பாவும் வாசலில் படுப்பார்கள். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். வீடு என்பது ஒரே அறை. அடுப்பு, டிவி, சாமி படம் எல்லாம் அதற்குள்தான்.

அத்தை என்பது அப்பாவின் அக்கா. மாமா இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டவள். சித்தி சித்தப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டால் அத்தை பதில் சொல்லிவிடுவாள். தம்பிக்கு எதற்கு வாய் வலிக்க வேண்டும் என்கிற பாசம்தான், வேறொன்றுமில்லை. அந்தப் பதில் சரியில்லை என்று சித்தி முணுமுணுத்தால் அப்பா தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பும் சரியில்லையென்றால் எதிர் வீட்டிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்துவிடும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் சித்தி ஆரம்பித்த எந்தச் சண்டையையும் அவள் முடித்து நான் பார்த்ததில்லை.

அவள் போனது ஆடி மாதம். அது அத்தைக்கு வசதியாகப் போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம், ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போய்கீறா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவணி பிறந்தது. பிள்ளையாரைக் கடலில் கரைத்துவிட்டும் வந்தோம். அத்தையின் ஆடி மட்டும் முடியவில்லை. தெருவில் சிரிக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், ஒரு கவளமும் வாய்க்குப் போகாது. அவர் தனியாக வீடு தேடாமலும் இல்லை. கேட்ட அட்வான்ஸைக் கொடுக்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் சாயங்காலம் ஒரு லாரி, ஒரு பெரிய வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. பின்னாலேயே சித்தப்பா ஓடி வந்தார். அது சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் உட்காருகிற கேரவன். புதுப்பேட்டையில் உடைக்கப் போட்டிருந்ததைப் பழைய இரும்பு விலைக்குப் பிடித்திருந்தார். ஒரு காலத்தில் வெள்ளை. உள்ளே ஒரு சோபா, ஒரு வாஷ்பேசின், சுற்றிலும் பல்பு வைத்த ஒரு பெரிய கண்ணாடி. மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனி ஒன்று தெருமுனையில் இருந்தது. அதன் முதலாளியின் படகைச் சித்தப்பாதான் பழுது பார்ப்பார் என்பதால், வண்டியை அந்தக் காம்பவுண்டில் ஓர் ஓரமாக நிறுத்திக்கொள்ள இடமும், ஒயர் இழுத்துக்கொள்ளக் கரண்டும் கிடைத்தன.

இது எங்கே போகப்போகிறது என்று கேட்டேன். ஊட்டிக்கா?

"ஊட்டி இன்னா கண்ணு, காஷ்மீருக்கே போலாம்" என்றார் சித்தப்பா, அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. சித்தியைச் சமாதானப்படுத்த ஊட்டிக்கு டூர் போகிறோம். மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை. நான்கு பேருக்கு ஜன்னலோர சீட்டும் கொடுத்துவிட்டேன். அதில் ஒருத்தி என்னோடு காய் விட்டிருந்தவள்.

சித்தப்பாவின் தொழில் மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது. இரும்பு வேலைக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார். வெல்டர் மாமா என்று கூப்பிடுவேன். முதல் நாள் அவர் வண்டிக்குள் ஏறிக் கம்பீரமாக நான்கு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் ஒரு கால் தரையைப் பொத்துக்கொண்டு கீழே போய்விட்டது. காலை உருவிக்கொண்டே, மாமு, இது வண்டி இல்ல, அப்பளம் என்றார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, படகுக்கு வைப்பதுபோலவே மரக்கட்டைகளில் நிறுத்தினார்கள். பழைய பலகையைப் பெயர்த்தபோது கீழே தரையைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்கள் தெரிந்தன. மொத்தம் ஒன்பது. சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். நல்ல இரும்பு டங்கென்று கத்தும், துரு தின்றது டொப்பென்று முனகும். முனகிய இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவது என் வேலை. ஊட்டி மலைப்பாதையில் வண்டி பிய்ந்து விழுந்துவிடக் கூடாதே என்கிற பொறுப்பில், கத்திய இடங்களிலும் நாலைந்து குறி போட்டுவைத்தேன். அப்படிக் குறி போட்ட நல்ல சட்டம் ஒன்றில் வெல்டர் மாமா ரம்பத்தை வைக்கப்போய்ச் சித்தப்பா பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு சாக்பீஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஐந்து சட்டங்களை மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றை அறுத்து, அந்த இடத்தில் புதுச் சட்டத்தை வைத்து, வெல்டிங் அடித்து முடித்த பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அறுத்தால் வண்டி நடுவில் தொங்கிவிடுமாம். பிறகு பக்கவாட்டுத் தூண்களின் அடிப்பாகம். அதற்கப்புறம் கூரையில் ஏசி இருந்த இடத்து ஓட்டை. ஐப்பசி மழைக்குள் அதை அடைக்க வேண்டும், தீபாவளிக்குள் சித்தியைக் கூப்பிட வேண்டும் என்று சித்தப்பா வேலைக்குப் போய் வந்த கையோடு அங்கே போய்விடுவார். அப்பா, கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே போய்ப் பலகை பிடிப்பார். அத்தைகூட டீ எடுத்துக்கொண்டு வந்து, வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வாள்.

சித்தப்பா ஒரே ஒரு இடத்தில்தான் கோட்டை விட்டார். தரைக்குப் பிளைவுட் போட்டு, அதன்மேல் ஃபைபர் இழைப் பாயைப் பரப்பி ரெசின் பசை பூசினார். பூசியவர் கைப்பழக்கத்தில் படகுக்குச் செய்வதுபோல ஓரங்களை முழம் உயரத்துக்கு வளைத்து ஏற்றிவிட்டார். காய்ந்ததும் சோதிக்க ஆறு குடம் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அப்புறம்தான் அந்தத் தண்ணீர் எப்படி வெளியே வரும் என்ற யோசனை வந்தது. அன்று நாங்கள் எல்லோரும் சொம்பும் மக்குமாக உள்ளே இறங்கி இறைத்தோம். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு என்மேல் தண்ணீர் வாரி அடித்தாள். அம்மாவுக்கு அப்படி விளையாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசியாகக் கதவு. வந்த நாளிலிருந்து அதைச் சாத்தவே முடியவில்லை. வண்டியின் உடம்பு தொய்ந்து கதவின் சட்டம் கோணியிருந்தது. தரையும் தூண்களும் நேரானதும், சித்தப்பா ஒரு விரலால் தள்ளினார். க்ளிக். எல்லோரும் கை தட்டினோம். ஏதோ உடைந்த படகின் கேபினிலிருந்து கழற்றிய பித்தளைத் தாழ்ப்பாள்கள் இரண்டை உள்பக்கம் மேலும் கீழுமாக வைத்தார். அன்று நான் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தபோது, அம்மா தனியாக அந்தக் கதவருகில் நின்று தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள். மறுபடி போட்டாள், எடுத்தாள். சரியாக விழுகிறதா என்று பார்க்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் ஆயிற்று, இன்ஜினை மட்டும் யாரும் தொடவில்லை. ஞாபகப்படுத்தலாம் என்று டிரைவர் சீட்டுப் பக்கத்திலிருந்த மூடியை நானே தூக்கினேன். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஐஸ் கம்பெனியின் தரை தெரிந்தது.

நான் அழுத அழுகை துறைமுகம்வரை கேட்டிருக்கும். ஏமாற்றம் ஒரு பங்கு, ஜன்னலோர சீட்டு ஒன்பது பங்கு. சித்தப்பா சமாதானம் சொல்ல வந்தார். இவ்வளவு பெரிய ஆள், இன்ஜின் இல்லாத வண்டியை வாங்கி ஏமாந்திருக்கிறாரே என்று அவரைப் பார்க்கவே பாவமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கூப்பிட அம்மா கிளம்பினாள். என்னையும் அழைத்துப் போனாள். பஸ்ஸில் திருவொற்றியூர் தாண்டும்வரை அம்மா எனக்கு ஒரே பாடம்: சித்தியிடம் வாயைத் திறக்கக் கூடாது. சித்தி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வண்டியைப் பற்றிச் சொல்லச் சொல்ல என்னால் பொறுக்க முடியவில்லை. சித்தியும் ஏமாந்துவிடக் கூடாதே.

"சித்தி, அந்த வண்டில இன்ஜினே இல்ல! ஒரு இஞ்ச்கூட நவுராது. பூனதான் கீது!"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சித்தியின் அம்மா முகவாயில் கை வைத்துக்கொண்டார். சித்தி என்னைக் கிட்டே இழுத்தாள்.

"அத வுடு. கதவு கீதா?"

"கீது."

"சாத்துதா?"

"ஒரு வெரல்ல தள்னா போதும்."

"தாப்பா?"

"ரெண்டு கீது. பித்தள."

"வெளியவா, உள்ளாறயா?" சித்தியின் கை என் தோளில் அழுந்தியது.

"உள்ளாற" என்றேன்.

சித்தி எழுந்து போய்க் கொடியிலிருந்த புடவைகளை உருவிப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் துணி மடித்து நான் பார்த்ததில்லை. உண்மையில் அவள் மடிக்கவே இல்லை.

புதுப் படகைக் கடலில் இறக்கும்போது செய்வதுபோல வண்டிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அத்தை ஆரத்தி எடுத்தாள். சித்தி ஏறினாள். பின்னாலேயே சித்தப்பா ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது, கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து சித்தியின் குரல் வெடித்தது.

அப்பப்பா, என்ன சண்டை! ரெண்டு வருஷத்துப் பாக்கி எல்லாம் வரிசையாக வந்தது. சித்தப்பாவும் விடவில்லை, அவருக்கு அவ்வளவு பேசத் தெரியும் என்று யாருக்குமே தெரியாது. நான் பயந்துபோய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை ஆரத்தித் தட்டோடு வண்டியை நோக்கி ஓடினாள். அம்மா குறுக்கே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வுடுங்க அண்ணி. நல்லா போட்டுகினு கீறாங்க. போட்டு முடிக்கட்டும்."

உள்ளே வெடித்துக்கொண்டிருந்ததெல்லாம் அத்தையால் பதில் சொல்ல முடியாத கேள்விகள். அவள் காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பிறகு சித்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சண்டையைக் கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? பெரியவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சித்தி வண்டிச் சாவியை அம்மா கையில் வைத்து மூடினாள். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். கூட்டுவதற்கு உதவியாக இருக்கும் என்றோ என்னவோ அப்பாவும் போனார். எனக்கு வீட்டில் பொழுது போகவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. பலமாகத் தட்டினேன். பூனைக்குட்டியைக் காட்டச் சொல்லிக் கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து அம்மா திறந்தாள். திட்டவில்லை. அந்தப் பல்புக் கண்ணாடியின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அப்பா சோபாவில் உட்கார்ந்து, அழுதவர் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். துடைப்பம் வாசல்படியிலேயே கிடந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு யோகம் அடித்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் சித்தி தலை வாரிவிட்டு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். குச்சி ஐஸ், பட்டாணி சுண்டல், மறுபடி குச்சி ஐஸ், கேட்டதெல்லாம் கிடைக்கும். தாழ்ப்பாளைப் பற்றி உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைக்கிற பரிசு இது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஊட்டி போகாத அவமானமெல்லாம் அதோடு தீர்ந்தது.

கால் வலித்து, வூட்டுக்குப் போலாம் சித்தி என்று கேட்பேன். அவள் திரும்பி எங்கள் தெரு இருக்கிற பக்கம் பார்ப்பாள். "இன்னும் கொஞ்ச நேரம் இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு ஐஸ் வாங்கித் தருவாள்.