தோங் அக்காவின் நாற்பத்தேழாம் எண் முத்திரை

தோங் யாச்சின் அக்காவைப் பற்றிக் கேட்டால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வேன். வடகிழக்குச் சீனாவில் எங்கள் ஷென்யாங் ஊர்க்காரர்களுக்கே வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு அதிலும் ஒரு முழம் கூடுதல். காலைப் பேருந்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஓட்டுநரின் மாமியார்வரை விசாரித்துவிடுவாள். ஆலைக்குள் போய் இருட்டறைக் கதவைச் சாத்தினாளோ, அதோடு சரி. எட்டு மணி நேரம் ஒரு வார்த்தை வராது.

எங்கள் வேலை அப்படி. போர் விமான இன்ஜினில் நெருப்புக்கு நடுவே சுற்றுகிற தகடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். அவற்றை ஒரு மருந்தில் முக்கி, கழுவி, இருட்டில் ஊதா விளக்கின் கீழே பிடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் மயிரிழை போலப் பச்சைக் கோடு ஒளிரும். கோடு இல்லையென்றால் பார்த்தவர் தன் முத்திரையைக் குத்த வேண்டும். ஆளுக்கு ஒரு எண். அக்காவுடையது நாற்பத்தேழு. கழுத்தில் தாலி மாதிரி தொங்கும் என்று சொன்னால் மிகையில்லை.

பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவள். அப்போது ருஷ்யக்காரனின் இன்ஜினைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதுதான் எங்களுக்குப் பிழைப்பு. பிறகு சொந்தமாகச் செய்யத் தொடங்கினோம். செய்ததெல்லாம் சோதனை மேடையில் பாதியிலேயே படுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா வீட்டுக்குப் போய்ப் புளித்த முட்டைக்கோஸைக் கொத்து கொத்தென்று கொத்துவாள். "ருஷ்யக்காரன் தகடு மட்டும் எப்படிடி தாங்குது? அவன் என்ன மந்திரமா போடுறான்?" என்பாள்.

கடைசியில் ஒரு இன்ஜின் தேறும்போல் இருந்தது. நீண்ட ஓட்டச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அக்காவுக்கு ஓய்வு பெற ஒரு வருடம். அந்த நேரம் பார்த்தா கண்ணில் புரை விழ வேண்டும்!

"ஆபரேஷன் பண்ணிக்கோயேன்" என்றேன்.

"பண்ணினா ஆறு மாசம் முத்திரையைப் பிடுங்கிடுவானுங்க. அதுக்குள்ள இன்ஜின் ஓடிடும். முப்பத்தஞ்சு வருஷம் காத்திருந்துட்டு, பந்தி போடுற நேரத்துல என்னை எழுந்திருக்கச் சொல்றியா?"

வருடாந்தரக் கண் சோதனை வந்தது. எங்கள் ஆலை மருத்துவ அறையில் இருபது வருடமாக அதே அட்டைதான் மாட்டியிருக்கிறது. மூன்று பல் சீப்பு போன்ற குறி வரிசை வரிசையாக இருக்கும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். பட்டாளத்தில் சேரப் போகிற பையன்கள் இதை மனப்பாடம் செய்வது எங்கள் ஊரில் புதிதில்லை. நானும் ரத்த அழுத்தம் பார்க்கப் போன சாக்கில் கடைசி நான்கு வரிகளையும் எழுதிக்கொண்டு வந்தேன். ஆமாம், நான்தான். பேருந்தில் அக்கா அதைப் பாட்டாகவே பாடினாள்: "மேல, வலது, கீழ, கீழ, இடது..." ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "என்ன அக்கா, நடனம் கத்துக்கிறியா?" என்றார்.

தேறிவிட்டாள். அடுத்த இரண்டு மாதத்தில் நூற்றி நாற்பது தகடுகளில் முத்திரை குத்தினாள். அதில் பாதி சோதனைக்குப் போகிற அந்த இன்ஜினுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது, மீதி அலமாரியில் இருந்தது.

சோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது, பக்கத்து மேசையிலிருந்து அவள் கையிலிருந்த தகட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். பச்சைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அவளோ முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அக்கா, ஓரத்துல பாரு."

பார்த்தாள். திருப்பினாள். மறுபடி பார்த்தாள். "எங்கடி?" என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

விளக்கை அணைத்துவிட்டு நேரே பகுதித் தலைவர் கெங்கின் அறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தலைவரே, எனக்குக் கண்ணு போச்சு. அட்டையை மனப்பாடம் பண்ணி ஏமாத்தினேன். இன்ஜினைப் பிரிக்கணும்."

கெங் தேநீர்க் குவளையை டக்கென்று மேசையில் வைத்தார். "பிரிக்கணுமா? என்ன விளையாடுறியா? பெய்ஜிங்லேர்ந்து ஆளுங்க கிளம்பிட்டாங்க!"

"வரட்டும். சாப்பாடு போட்டு அனுப்புங்க."

"அட்டையை யார் எழுதிக் கொடுத்தது?"

"யாருமில்ல. நானே."

"பொய்" என்றேன் நான். "இவளுக்கு அந்த அட்டை தெரிஞ்சாத்தானே எழுத முடியும்? நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

அக்கா திரும்பி என்னை முறைத்தாள். அதாவது, நான் நின்ற பக்கமாக முறைத்தாள்.

கெங் தலையில் அடித்துக்கொண்டார். "உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு லுவான், புத்திதான் கெட்டுப்போச்சு. தண்டனை அப்புறம். இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு நூத்தி நாப்பதையும் மறுபடி பாரு."

இன்ஜினைப் பிரித்தார்கள். பூட்டிய ஆட்கள் எங்களைத் திட்டிய திட்டை எழுத முடியாது. மூன்று நாள், மூன்று ஜோடிக் கண்கள். முத்திரையை ஒப்படைத்துவிட்ட அக்காவுக்கு உள்ளே அனுமதியில்லை. தாழ்வாரத்தில் வெந்நீர்க் குழாயோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் விதைப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம் ஒரு தகட்டின் அடியில், நகக்கண் அளவுக்குப் பச்சையாக மின்னியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்படியே இருந்தது. மற்ற இருவரும் பார்த்துத் தலையாட்டினார்கள். இன்ஜினுக்குள் பூட்டியிருந்த தகடு அது. நாற்பத்தேழு என்று தெளிவாகக் குத்தியிருந்தது.

வெளியே வந்தேன். எழுந்து நின்றாள்.

"எத்தனை?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்று சத்தியமாகத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணு, அக்கா."

"இன்ஜின்லயா, அலமாரிலயா?"

"இன்ஜின்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மேல பறக்கிற பிள்ளைக்கு அந்த ஒண்ணே போதும்டி" என்றாள். அழுதாள். முப்பத்தைந்து வருடத்தில் நான் பார்த்த முதல் அழுகை. நானும் சேர்ந்து அழுதேன். அழ வேண்டியவள் நான்தானே.

கூட்டத்தில் எங்கள் இருவர் பெயரையும் உரக்க வாசித்தார்கள். எனக்குப் பதவி ஒரு படி இறங்கியது. அவள் முத்திரையை அவள் கண்ணெதிரிலேயே சாணைக் கல்லில் வைத்து எண் அழியும்வரை தேய்த்தார்கள். எங்கள் வழக்கம் அது. மருத்துவ அறைச் சுவரில் இப்போது அட்டை கிடையாது. திரையில் ஆளுக்கு ஒரு விதமாகக் குறி வருகிறது.

ஒரே ஒரு தகட்டை மாற்றி இன்ஜினைத் திரும்பப் பூட்டினார்கள். சோதனை இருபது நாள் தள்ளிப் போனது. கடைசி மணி நேரமும் ஓடி முடிந்தபோது எங்களில் பலருக்குக் காலே தரையில் நிற்கவில்லை. ஆலைக்குள் கைபேசி கூடாது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த முடிவும் வந்த பிறகு, பனியில் வழுக்கி வழுக்கி வாசல்வரை ஓடிப் போய்த்தான் அழைத்தேன். அக்கா ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வீட்டில் இருந்தாள்.

"ஓடிடுச்சு அக்கா! முழுசா! பிரிச்சும் பாத்துட்டாங்க, எல்லாத் தகடும் சுத்தம்!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கட்டு நனையக் கூடாதே என்று எனக்குக் கவலை.

"ஏண்டி" என்றாள் மெதுவாக. "நூத்தி நாப்பதுல ஒண்ணு போனா மிச்சம் எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தொம்பது."

"பாதிக் கண்ணோட பாத்ததுல அத்தனை தேறிச்சா?"

"தேறிச்சு அக்கா."

"அப்ப நான் நல்ல வேலைக்காரிதான், இல்ல?"

வாசல் காவலாளி பார்க்கிறான் என்றுகூடப் பாராமல், "ஆமாம் அக்கா, ஆமாம்" என்று கத்தினேன்.