கோடாலித் தைலம்

முதலுதவிப் பயிற்றுநர் சான்றிதழ் வாங்க, தேர்வாளர் முன்னால் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். சம்பளமில்லாத தொண்டுக்கே இத்தனை கெடுபிடி! மலேசியாவில் மந்தின் என்ற ஊரை ஒட்டிய செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தேன். முன்வரிசையில் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர் ஒருவர்; அகன்ற தோள், சட்டைப்பையில் எப்போதும் கோடாலித் தைலப் புட்டி.

ஒத்திகையில் பொம்மையைக் கிடத்தியதும், நெஞ்சை அழுத்தாமல் அதன் மூக்கில் தைலம் தேய்த்தார்.

“அண்ணே, மூச்சே இல்லாத ஆளுக்குத் தைலம் எதுக்கு? உடனே நெஞ்ச அழுத்துங்க!”

“தெரியும்லா தம்பி. ஆனா தைலம்கூடத் தேய்க்காம, எடுத்த எடுப்புல நெஞ்சுல கைய வச்சு அமுக்குறதா? வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?”

மறுபடி விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். தேர்வாளர் வந்த அன்றும் முதலில் புட்டியைத்தான் திறந்தார். பாடம் மாணவருக்குப் போய்ச் சேரவில்லை என்று சொல்லி, தேர்வாளர் என்னைத் தேறவிடவில்லை.

மண்டபப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் நெற்றிப்பொட்டில் ஒரு விரல் தைலம் தேய்த்தது. யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“அடுத்த தடவ பாஸாயிடலாம் தம்பி. நானும் வந்துடறேன்லா.”

கோபம் இன்றுவரை போகவில்லை. தலைவலி மட்டும் அங்கேயே போய்விட்டது.