படத்தில் இல்லாத வசனம்

முருகையன் அண்ணன் போய்விட்டார்.

காலை ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸப்பில் வந்தது. நெஞ்சுவலி... கடலூருக்குக் கொண்டுபோகும் வழியில், குள்ளஞ்சாவடி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டதாம்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை மண்வெட்டியால் வாரி மேலே போடுகிற வேலை.

பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.

நான் அதே பெல்ட்டில் பர்மனன்ட். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். பேர் சொல்லுங்கண்ணே என்றால், "பழகிப்போச்சி சார், நாக்குல வரமாட்டேங்குது" என்பார்.

ஒருநாள் டிபன் நேரத்தில், எங்கள் ஃபிலிம் கிளப்புக்கு ஒரு பிரெஞ்சுப் பட டிவிடி வந்திருக்கிறது, நிலக்கரிச் சுரங்கத்துக் கதை, பழைய நாவல் என்று சொன்னேன். கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"அது படமா வந்துருக்கா சார்? காலேஜ்ல படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல சார்!"

அடுத்த சில மாதங்களில் கான்ட்ராக்ட் ஆட்களின் ஸ்டிரைக் வந்தது. பர்மனன்ட் ஆக்கு என்பதுதான் கோரிக்கை. மூன்றாவது வாரம் அண்ணன் என் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். "அந்தப் படத்த நம்ம ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டணும் சார். நான் தமிழ்ல சொல்லிகினே வரேன். ஆளுங்க சோர்ந்துபோய்க் கெடக்குறாங்க."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வாரம் அவர்கள் வேலையை ஓவர்டைமில் செய்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அண்ணனுடைய பெல்ட்டுக்கு அடியில், அண்ணன் நிற்கிற இடத்தில், மண்வெட்டியோடு நான்.

அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வடலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெளியே இரண்டு போலீஸ் ஜீப். உள்ளே ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள்.

ப்ரொஜெக்டரை ஓட்டியது நான். படம் பிரெஞ்சில். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் படித்து, அண்ணன் மைக்கில் நம் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் ஒரே சிரிப்பு.

"யோவ், என்னாய்யா மைன்ஸு இது? மண்ணு வெட்டுற பக்கெட் வீல் மிஷின காணோமே!"

"நூத்தம்பது வருசத்துக்கு முந்துன மைன்ஸுடா. பொந்துக்குள்ளதான் எறங்கணும். வாய மூடிகினு பாரு" என்று மைக்கிலேயே சொன்னார் அண்ணன்.

அப்புறம் படத்திலும் ஸ்டிரைக் வந்தது. குழந்தைகள் பசியில் அழுதன. சிரிப்பு நின்றது. முதலாளி வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினான்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"அங்க என்னாத்துக்குப் பாக்குறீங்க? மிஷின் ஓட்டிகினு ஒக்காந்துகினு இருக்கானே, அவன பாருங்க! நேத்து நம்ம பெல்ட்டு அடியில மம்ட்டி புடிச்சது அவன்தான்!"

நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். யாரோ என் காலரைப் பிடித்தார்கள். ஒரு அடி விழுந்தால் போதும், ஜீப்பில் இருப்பவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்... அதற்குத்தானே காத்திருக்கிறார்கள்.

அண்ணன் திரும்பவே இல்லை. திரையில் தாடிக்காரத் தொழிலாளி ஒருவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் அதே குரலில் மைக்கில் சொன்னார்.

"அவனும் வயித்துக்குத்தான் வந்துருக்கான். அவன் மேல ஒரு கை பட்டாலும் நாம தோத்தோம். ஒக்காருங்கடா எல்லாரும்."

காலரிலிருந்த கை தளர்ந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

நான் திரையின் கீழே ஓடிய இங்கிலீஷைப் படித்தேன். அந்தத் தாடிக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம் விளக்கு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

அதைக் கவனித்தது நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன்.

படம் முடிந்ததும் என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் இருந்ததால் கூட்டம் வழிவிட்டது. எங்கள் பிளாக் முனையில் இறங்கினார். தார்ப்பாய்ப் புழுக்கத்தில் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாளைக்கு வேலைக்கு எறங்காதீங்க சார்."

"சரிண்ணே" என்றேன்.

அந்த மாதம்தான் எனக்குப் ப்ரமோஷன் இன்டர்வியூ. ஓவர்டைமுக்கு வராதவர்கள் பேரை எழுதி வைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு... திங்கட்கிழமை காலை பஸ் ஏறிவிட்டேன்.

மைன்ஸுக்குப் போகிற வழியில் இருக்கிற ஆர்ச் பக்கத்தில் பஸ் மெதுவானது. இரண்டு பக்கமும் ஸ்டிரைக் ஆட்கள். நான் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். தலையைத் தூக்கினால் ஜன்னலுக்கு நேரே அண்ணன். பார்த்துவிட்டார். கையை விரித்து, "தள்ளுங்கப்பா, பஸ்ஸு போவட்டும்" என்று ஆட்களைப் பின்னால் தள்ளினார்.

ஸ்டிரைக் முடிந்து அவர் அதே மண்வெட்டிக்குத் திரும்பினார். எனக்குப் ப்ரமோஷன் கிடைத்தது. முதலில் வந்து கைகொடுத்தவர் அவர்தான். "சந்தோசம் சார்." அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டுத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கேட்கவே இல்லை பாவி மனுஷன்.

கடைசிவரை கான்ட்ராக்ட்தான்.

அண்ணே... திரையில் அந்த வசனம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் மறுநாள் பஸ் ஏறினேன். இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் இருந்தது.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். வருகிறேன்.