தட்டு உடைத்த வகுப்பு

என் தம்பி நான்காம் வகுப்பு வாத்தியார். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு, அதைச் சொல்லும்போதே வாயெல்லாம் பல்லாகிவிடும். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் ஓர் அறையில் ஒண்டிக்கட்டையாக இருக்கிறான். வருகிறவர்கள் உட்கார இன்னொரு நாற்காலி வாங்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "யாரு வரப்போறாங்கக்கா? நீ வந்தா கட்டில்ல உக்காந்துக்கோ" என்பான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியடில், அவன் வகுப்பு வேறொரு நாட்டுக்குப் போய்விடும். ஜப்பானில் பெண் குழந்தைகளுக்காகப் பொம்மை வைக்கும் நாள் என்றால், பெஞ்சுகளைப் படியாக அடுக்கிச் சிவப்புத் துணி விரிப்பான். துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தது நான். ஒரு தையல்கூடக் கோணாது. ஸ்பெயினில் புது வருஷம் பிறக்கும்போது, ராத்திரி பன்னிரண்டு மணி அடிக்க அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை தின்பார்களாம். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வாயில் திராட்சையும் சிரிப்பும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. உலகப் படத்தில் ஸ்பெயின் எங்கே என்று இப்போது அவர்கள் தூக்கத்தில்கூடத் தொட்டுக் காட்டுவார்கள்.

ஹெட்மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "பாதிப் பேர் கணக்குல கோட்டை விடுறான், நீங்க ஊர் சுத்திக் காட்டுறீங்க. ஒரே ஒரு புகார் வரட்டும், அந்தப் பீரியட் கணக்குக்குத்தான்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த ஒரு மணி நேரம் போனால் தம்பிக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பரில் டென்மார்க். அங்கே வருஷக் கடைசி ராத்திரியில், பழைய பீங்கான் தட்டுகளை நண்பர்கள் வீட்டு வாசலில் எறிந்து உடைக்கிற வழக்கம் உண்டாம். காலையில் எவர் வாசலில் துண்டுகள் அதிகமோ, அவருக்கு நண்பர்கள் அதிகம். வகுப்பில் காகிதத் தட்டை வைத்து விளையாடினார்கள். "இது உடையாதே சார்" என்று ஒரு சிறுமி குறைப்பட்டிருக்கிறாள். "சத்தத்தை நீ வாயால போடு" என்றானாம் தம்பி.

புது வருஷத்தன்று காலையில் தம்பி என் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, துடைப்பம் குடு. பசங்க ராத்திரி ஒருத்தர் வீட்டு வாசல்ல ஒருத்தர் நிஜத் தட்டையே உடைச்சிட்டாங்க."

ஆள் நடமாட்டம் கூடுவதற்குள் வீடு வீடாகப் போய்ப் பெருக்கினோம். ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கல்யாணத்துக்கு வந்த செட்டு சார். ஆறு தட்டு. என் பையனுக்கு நாலு ஃப்ரெண்டாம். இப்ப ரெண்டு தட்டு இருக்கு. நல்லவேளை, அவன் கொஞ்சம் சண்டைக்காரன்."

ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில்தான் குவியல் பெரிது. அவர் மகளும் இந்த வகுப்புதான். அவர் செருப்புக் காலோடு படியிலேயே நின்றார். மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு துண்டுகளைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமா சார்?" என்றார்.

"உங்க பொண்ணுக்கு நிறைய சிநேகிதங்க சார்" என்றான் தம்பி.

அவர் சிரிக்கவில்லை. "இந்த மாசத்துலேர்ந்து கணக்கு."

திரும்பும்போது அவன் அறை வழியாக வந்தோம். வாசல் சுத்தமாக இருந்தது. அவன் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"வாத்தியார் வீடாச்சே, பயந்திருக்கும்டா பிள்ளைங்க" என்றேன்.

"ம்."

"எங்கிட்ட விரிசல் விட்ட தட்டு ஒண்ணு இருக்கு. நான் வேணா உடைக்கவா?"

"அக்கால்லாம் கணக்குல வராதுக்கா" என்று சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்தான்.

ஜனவரிக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனேன். வகுப்பு எப்படிப் போனது என்று நானாகக் கேட்கவில்லை, அவனே சொன்னான். பிள்ளைகள் எல்லாரும் பையை மூடிவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தார்களாம். "இன்னைக்கு எந்த நாடு சார்?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

"நீ என்னடா சொன்ன?"

"வகுத்தல் கணக்கை எடுங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் முனகலக்கா. முனகியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு."